பாட்டும் பாட்டாளியும்

"இதுவா இசை?"

இந்த நாட்டிலே நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. கேட்பவர் மாறுவார். கேட்கும் இடம் மாறும். கேள்விக்கு ஆளாகும் பாட்டும் மாறும். கேள்வி மட்டும் மாறுவதே இல்லை! தமிழிலே பாடியபோது கேட்டார்கள். நாடகக் கொட்டகையில் ஆர்மோனியம் முழங்கியபோது கேட்டார்கள். சினிமாப் பாட்டு தேநீர்க் கடைக்கு வந்தபோது கேட்டார்கள். கேசட் வந்தபோது கேட்டார்கள். இன்று கானாவைக் கேட்டுக் காதைப் பொத்துகிறார்கள். ராப் பாட்டைக் கேட்டுத் தலையில் அடித்துக் கொள்கிறார்கள்.

கேள்வி இசையைப் பற்றியது போலத்தான் இருக்கும். திரையைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் கேள்வி வேறு. "இவனா பாடுவது?" அதுதான் கேள்வி!

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டி, திருப்பெரும்புதூரை எட்டும் முன் இருப்பது தண்டலம். ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே சாலையோரம் நின்றால் போதும், தமிழ்ப் பாட்டின் வரலாறே சக்கரம் கட்டிக்கொண்டு போவதைக் காணலாம். ஒரு கம்பெனிப் பேருந்தில் சவுந்தரராசன் குரல். பின்னால் வரும் பேருந்தில் இளையராஜா. அடுத்ததில் ரகுமான். தேநீர்க் கடையில் கானா. வடநாட்டுத் தோழர்கள் தங்கியிருக்கும் அறையிலிருந்து போஜ்புரி. இருங்காட்டுக்கோட்டையில் கார் பூட்டியவர்களும், ஒரகடத்தில் டயர் சுமந்தவர்களும், சுங்குவார்சத்திரத்தில் கண் எரிய எரிய நுண்கருவி கோத்தவர்களும், எட்டு மணி நேரம் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு அலுத்த செவிக்குத் தருகின்ற மருந்து அது. அதே சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காரில் போகிற கனவான் முகம் சுளிக்கிறார். மார்கழிக் கச்சேரிக்கு நேரமாகிறதாம் அவருக்கு! போகட்டும், நிம்மதியாகக் கேட்டு மகிழட்டும். அவருடைய இசைமீது நமக்குப் பகை இல்லை. ஆனால் நமது இசைமீது அவருக்கு ஏன் இத்தனை பகை? அதைத்தான் கேட்கிறோம்.

முதலில் தமிழுக்கு நேர்ந்த கதியைச் சொல்வோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழும் குழலும் தண்ணுமையும் எப்படி அமையவேண்டும் என்று இலக்கணமே வகுத்து வைத்த இனம் இது. திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முன்பே முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் அருணாசலக் கவிராயரும் தமிழிலே கீர்த்தனை பாடிச் சென்றார்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஆராய்ந்து, 1917ல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். இத்தனைக்கும் பிறகு தமிழ்நாட்டு மேடையில் தமிழுக்குக் கிடைத்த இடம் என்ன? துக்கடா! விருந்து முடிந்து, கை கழுவும் நேரத்தில் நீட்டப்படும் வெற்றிலை போல, கச்சேரியின் கடைசியில் ஒன்றிரண்டு சில்லறை உருப்படி!

"தமிழன் ஊரில், தமிழன் காசில், தமிழன் செவிக்குத் தமிழிலே பாடுங்கள்" என்று கேட்க ஓர் இயக்கமே தேவைப்பட்டது. அண்ணாமலை அரசர் 1941ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. பெரியார் ஆதரித்தார், அண்ணா எழுதினார், பேசினார். வேறு பல விஷயங்களிலே நம்மோடு மாறுபட்ட 'கல்கி'யும் இதிலே தமிழின் பக்கம் நின்றார் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். எதிர்த்தவர்கள் சொன்னது என்ன? "இசைக்கு மொழி ஏது?" என்றார்கள். மொழி இல்லை என்றால் தமிழில் பாடினால் மட்டும் ஏன் குடைகிறது? பதில் வரவில்லை! 1940களின் நடுவில் திருவையாற்று விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாட, இடமே தீட்டுப்பட்டுவிட்டதாகக் கூச்சல் எழுந்தது. 'குடிஅரசு' ஏட்டில் இருந்த இளைஞர் கருணாநிதி அந்தக் கூச்சலையே தலைப்பாக்கி, 'தீட்டாயிடுத்து' என்று கட்டுரை எழுதினார். பாட்டுக்குக்கூடத் தீட்டு உண்டு என்று கண்டுபிடித்த நாடு உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். இல்லை, அமெரிக்காவும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

சபாவின் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்த நேரத்தில், இன்னொரு பக்கம் சுவரே இடிந்து விழுந்தது. இடித்தது ஓர் இயந்திரம். 1902ல் கல்கத்தாவில் கோஹர் ஜான் பாடியதை ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டு வாணிபத்தைத் தொடங்கினார்கள் வெள்ளையர்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் கருந்தட்டு! அந்த மூன்று நிமிடம் செய்த புரட்சி மூன்று நூற்றாண்டு செய்யாதது. சபாவுக்குள் நுழையச் சீட்டு வேண்டும், உடை வேண்டும், 'குலம்' வேண்டும். இசைத்தட்டுக்கு ஊசி ஒன்று போதும்! நாடக மேடையில் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் பாடியதை, ஊர்ச்சாவடியில் சாவி கொடுத்த பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து கூலிக்காரனும் கேட்டான். 1931ல் 'காளிதாஸ்' பேசியது. பேசியதைவிட அதிகமாகப் பாடியது. 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. சபாவுக்குச் சீட்டு வாங்க வழியில்லாதவர்கள் கொடுத்த அரையணாவும் ஓரணாவும் சேர்ந்து கட்டிய அரியாசனம் அது.

அரியாசனத்தைக் கண்டதும் டில்லிக்குப் பொறுக்குமா? அகில இந்திய வானொலி 1940லேயே ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. நாடகக் கொட்டகையின் உயிர்மூச்சாக இருந்த பெட்டி, வானொலி நிலையத்து வாசலிலே நிறுத்தப்பட்டது. தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1952ல் தகவல், ஒலிபரப்பு அமைச்சரானார் பி. வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. நேரத்தைக் குறைத்தார், நிபந்தனை போட்டார். பட உலகத்தோடு தகராறு முற்றி, வானொலியில் சினிமாப் பாட்டு கேட்பதே அரிதாகிப் போனது. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் வானொலியில் மக்கள் விரும்பும் பாட்டுக்கு இடமில்லை! சர்க்கார் தீர்மானிக்கும், நீ ரசி. சர்க்கார் மருந்து ஊற்றும், நீ விழுங்கு!

விழுங்கினார்களா மக்கள்? முள்ளைத் திருப்பினார்கள்! பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை வானொலி இருந்தது. உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட வலிமைமிக்க ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்தபின் பாட்டுக்குப் பயன்பட்டது. பீரங்கிச் செய்தி சுமந்த அலைவரிசை, காதற்பாட்டையும் கொள்கைப் பாட்டையும் சுமந்து வந்தது. மயில்வாகனன் என்றால் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைக்காரருக்குச் சொந்தக்காரர் பெயர் போல. பின்னாளில் கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது. டில்லி சாத்திய கதவைக் கடலுக்கு அப்பாலிருந்த தமிழன் திறந்துவிட்டான்! 1957 அக்டோபர் 3ஆம் நாள் 'விவித் பாரதி' என்ற பெயரில் சினிமாப் பாட்டுக்குத் தனி ஒலிபரப்பைத் தொடங்க நேர்ந்தது டில்லிக்கு. ரசனையைத் திருத்தப் போனவர்கள் தங்கள் திட்டத்தைத் திருத்திக்கொண்டு திரும்பினார்கள்! சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வெல்லும் முன்பே, வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி மக்கள் பெற்ற வெற்றி இது.

அந்த மூன்று நிமிடத்துக்குள் நமது இயக்கமும் புகுந்தது, தயங்காமல் சொல்லிக்கொள்கிறோம். மணிக்கணக்கில் மேடையில் முழங்கிய கருத்தை உடுமலை நாராயணகவி ஒரு பல்லவியில் மடக்கி வைத்தார். கலைவாணர் அதைச் சிரிப்பிலே தோய்த்துக் கொடுத்தார். மூடநம்பிக்கை முதுகிலே அடி விழுந்தது. அடி வாங்கியவனும் சிரித்துக்கொண்டே வாங்கினான். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம், பொதுவுடைமை இயக்கத்துத் தோழர். பிழைப்புக்காகப் பல தொழில் பார்த்த அவர், 1959ல் மறைந்தபோது வயது 29. அந்த 29 வயதுக்குள் உழவன் வியர்வையையும் ஆலைத் தொழிலாளி ஏக்கத்தையும் கதாநாயகர்கள் வாயிலே வைத்துவிட்டுப் போய்விட்டார். கழக மேடைகளிலோ நாகூர் ஹனிபாவின் குரல். ஒலிபெருக்கி கெட்டாலும் கவலையில்லை என்று சொல்லும்படியான வெண்கலக் குரல்! 2015ல் அவர் மறைந்தார். குரல் மறையவில்லை, எந்த ஊரில் கழகக் கொடி ஏறினாலும் அந்தக் குரல் முதலில் ஏறுகிறது. பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறதே, மனோன்மணீயம் சுந்தரனார் 1891ல் வெளியிட்ட நாடகத்திலிருந்து எடுத்து, கழக ஆட்சி 1970ல் அரசு விழாக்களில் பாடச் செய்த வாழ்த்து. அதற்கு மெட்டமைத்தவர் யார்? சினிமாவுக்கு மெட்டுப் போட்ட எம். எஸ். விசுவநாதன்! ரசனையைக் கெடுப்பவர்கள் என்று வானொலியில் ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவர்தான் நமது மொழிக்கு வாழ்த்திசை வழங்கினார்.

கேசட் வந்தது. 1963ல் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்ட அந்தச் சிறு பெட்டி, எண்பதுகளில் நம் நாட்டுத் தெருவெல்லாம் நிறைந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு, அறுபது நிமிடக் கேசட்டில் பதிவு செய்து வாங்கிய தலைமுறைக்குத் தெரியும் அந்தப் பூரிப்பு. பெரிய கம்பெனி வெளியிட்ட வரிசைப்படி கேட்க வேண்டியதில்லை. 'ஏ' பக்கத்தில் என்ன, 'பி' பக்கத்தில் என்ன என்று தீர்மானித்தவன் லாரி ஓட்டுநர்! அந்தக் கேசட்டுகளில் பாதியை நிறைத்தவர் இளையராஜா. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளிலே ஆர்மோனியம் வாசித்துத் திரிந்தவர். ஆம், டில்லி தடுத்த அதே ஆர்மோனியம்! 1976ல் 'அன்னக்கிளி' வந்தது. களத்துமேட்டு மெட்டு கொட்டகையில் கேட்டது. 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில், அவர் இயற்றிய சிம்பொனியை மேலைநாட்டு இசைக்குழு அரங்கேற்றியது. வயல் வரப்புக்கும் இலண்டன் அரங்கத்துக்கும் எத்தனை காதம்? அதை நடந்தே கடந்தான் ஒரு தமிழன். "இதுவா இசை?" என்று கேட்டவர்கள் இன்று "இவர் எங்களவர்" என்கிறார்கள். சொல்லட்டும்! காலந் தாழ்ந்து வந்தாலும் கைதட்டல் கைதட்டல்தான்.

இப்போது கானாவின் முறை. வடசென்னையில், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் ரிக்சா மிதித்தவர்களும் பாடிய பாட்டு. சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் பாட்டு. வீணை கிடையாது, மேசையும் பானையும் தீப்பெட்டியுமே தாளம். இறந்தவன் வாழ்வைச் சொல்லி, இருப்பவனைத் தேற்றி, இடையிலே சிரிக்கவும் வைத்துப் பொழுதை விடியச் செய்கிற கலை. இதை இழிந்தது என்கிறார்கள். ஏன்? பிறந்த இடம் குப்பம். பாடிய வாய் ஒடுக்கப்பட்டவன் வாய். வேறு காரணம் இருந்தால் காட்டட்டும்!

அமெரிக்காவைப் பற்றிச் சொல்கிறோம் என்றோமே, அதற்கு இதுவே இடம். அங்கே பருத்திக் காட்டில் அடிமைப்பட்டுக் கிடந்த கருப்பின மக்களின் புலம்பல், 'புளூஸ்' என்னும் இசையாயிற்று. 1920ல் மேமி ஸ்மித் என்ற கருப்பினப் பெண்மணி பாடிய தட்டு வாணிபத்தில் வெற்றி பெற்றதும், கம்பெனிகள் ஓடிவந்தன. காசு வேண்டும், ஆனால் கலப்பு கூடாது! 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத்தட்டுகள், என்று தனிப்பெயர் சூட்டித் தனிப் பட்டியலில் விற்றார்கள். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தார்களே நம்மூரில், அதுபோலத் தட்டுக்கும் தனிப் பட்டியல்! அந்தப் பெயரை 1949ல்தான் கைவிட்டது அந்நாட்டு வாணிப ஏடு. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் 1973ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தொடங்கியதே ஹிப்ஹாப். அது கடல் கடந்து மலேசியா சென்றது. தோட்டத்துக்குப் போன தமிழரின் வழித்தோன்றல்கள் வாயில் தமிழாயிற்று. யோகி பி குழுவினரின் 'வல்லவன்' ஆல்பம் 2006ல் வந்தது. அங்கிருந்து நம் கரை சேர்ந்தது.

இப்படித்தான், அடிமைப்பட்டவன் பாட்டு அடிமைப்பட்டவன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது! 2018 சனவரியில் சென்னையில் கானாப் பாடகர்களும் பறையிசைப்போரும் ராப் பாடுவோரும் ஒரே மேடையில் ஏறினார்கள். பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் கூட்டிய அந்தக் குழுவுக்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் அன்று சொன்ன சொல்லின் எதிரொலி அது. அதற்கும் 11 ஆண்டுகள் முன்னே, 2007ல், கழக ஆட்சியில் 'சென்னை சங்கமம்' நடந்தது. பறையும் கரகமும் ஒயிலும் தலைநகரின் பூங்காக்களில் முழங்கின. 2010ல் கோவைச் செம்மொழி மாநாட்டுக்குக் கலைஞர் எழுதி ரகுமான் இசையமைத்த பாட்டிலே, சவுந்தரராசனும் சுசீலாவும், கச்சேரி மேடையின் அருணா சாய்ராமும், கிராமியக் குரல் சின்னப்பொண்ணுவும், ராப் பாடும் பிளாசேயும் வரிசையாக வந்தார்கள். ஒரே பந்தி! இலை முன்பின் இல்லை. சமபந்தி போசனம் பாட்டிலும் நடக்கும் என்று காட்டப்பட்டது.

அந்த வடநாட்டுத் தோழர் அறையில் ஒலிக்கும் போஜ்புரியைப் பற்றியும் ஒரு சொல். "இந்திப் பாட்டு போடுகிறான்" என்று சில தம்பிகள் சீறுகிறார்கள். தம்பி, சற்றுப் பொறு! அது இந்தி அல்ல. கோடிக்கணக்கானோர் பேசியும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைக்காமல், இந்தியின் நிழலில் சிறுத்துக் கிடக்கும் மொழி அது. அந்த மொழியில் பிகாரி தாக்கூர் என்றொரு கலைஞர் இருந்தார். முடிதிருத்தும் குலத்தில் பிறந்தவர், 1971ல் மறைந்தவர். வேலை தேடிக் கல்கத்தா போன கணவனை எண்ணி ஊரிலே வாடும் பெண்ணின் துயரத்தை 'பிதேசியா' என்று நாடகமாக்கி, ஊர் ஊராகப் பாடிச் சென்றார். அன்று கல்கத்தா, இன்று தண்டலம். துயரம் அதேதான்! நாம் எதிர்ப்பது திணிப்பை. திணிக்கப்பட்டவனையே எதிர்ப்பது கொள்கை ஆகாது.

சரி, பாட்டு வென்றது. பாடியவன் வென்றானா? தோழர்கள் மனத்தில் நிறுத்தவேண்டிய இடம் இது.

பாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று, உழைப்பு. எழுதுவது உழைப்பு, மெட்டமைப்பது உழைப்பு, தோல் கிழியப் பறை அடிப்பதும் உழைப்பு. உழைப்பு என்றால் கூலி வேண்டும். 1977ல் உச்சநீதிமன்றம், படத்துக்காக எழுதிய பாட்டுக்கும் போட்ட மெட்டுக்கும் முதல் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. முன்தொகை வாங்கினாயா, போய் வா! உன் பாட்டு ஐம்பது ஆண்டு ஒலித்தாலும் உனக்குப் பங்கில்லை! அந்த அமர்விலே இருந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், தீர்ப்புக்கு அடிக்குறிப்பாகக் கலைஞர்களின் நிலையை எடுத்துச் சொல்லி, சட்டம் இயற்றுவோர் கவனிக்க வேண்டும் என்று எழுதினார். அடிக்குறிப்பு அடியிலேயே கிடந்தது, 35 ஆண்டு! கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்து போராட, 2012ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படக் கொட்டகைக்கு வெளியே பாட்டு சம்பாதிக்கும் பணத்தில் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொண்டாலும் செல்லாது. குறைந்தபட்சக் கூலியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்கிறது அல்லவா தொழிலாளர் சட்டம்? அதே தத்துவம்!

சட்டம் வந்தது, சங்கடம் தீர்ந்ததா? 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. எழுதியவர் அறிவு, அரக்கோணத்து இளைஞர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, வெறுங்கையோடு தாயகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வைப் பாட்டிலே பதித்தார். பல கோடி முறை கேட்டது உலகம். அதே ஆண்டு ஓர் ஆங்கில இசை இதழ் அந்தப் பாட்டின் பெருமையைப் பேசி அட்டைப்படம் போட்டது. அட்டையில் அறிவின் முகம் இல்லை! கண்டனம் எழுந்தது. 2024ல், பாட்டுக்கு இசையமைத்த சந்தோஷ் நாராயணன், இதனால் தமக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பாட்டி தேயிலை பறித்தாள், இலாபம் யாருக்கோ. பேரன் பாட்டுக் கட்டினான், இலாபம் யாருக்கோ. தோட்டம் மாறியது, துரை மாறவில்லை!

இது நமக்குப் புரியாத கணக்கா? தண்டலத்துக்குப் பக்கத்தில், திருப்பெரும்புதூரில், 2006ல் நோக்கியா ஆலை உற்பத்தி தொடங்கியது. உலகமெங்கும் மணியடித்த செல்போன்களை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் பூட்டிக் கொடுத்தார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். பின்னர் அந்தக் கட்டடத்தை சால்காம்ப் கம்பெனி வாங்கி உற்பத்தி தொடங்கியது. இன்று உலகம் பாட்டுக் கேட்கும் கருவிகள் பல இந்த வட்டாரத்தில்தான் உருவாகின்றன. செல்போன் செய்யும் தொழிலாளி, தன் செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிறாள். பாட்டுக்குக் கருவி செய்கிறவள், பாட்டில்லாமல் வேலை செய்கிறாள்! கருவி செய்தவளுக்குக் கூலி குறைவு. கருவிக்குள் பாடுகிறவனுக்குக் கூலி பைசாக் கணக்கு. இருவருக்கும் நடுவே நிற்பவன் கணக்கு மட்டும் கோடியில்! பாட்டாளி என்ற சொல்லுக்குள் பாட்டு இருப்பதை, சொல் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். இருவர் பாடும் ஒன்றுதான்.

ஆகவே தோழர்களுக்கு மூன்று சொல்கிறோம். ஒன்று: நம் கூட்டத்துக்குப் பறையடிக்க வருகிறார்களே, தலைவர் வரும் வரை மூன்று மணி நேரம் வெயிலில் நின்று முழக்குகிறார்களே, அவர்களுக்குப் பேசிய தொகையை, மைக்செட்டுக்காரருக்கும் பந்தற்காரருக்கும் கொடுக்குமுன் கொடுங்கள். மேடையிலே நாற்காலியும் கொடுங்கள். பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள். இரண்டு: உங்கள் ஊரில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த மூதாட்டிகள் இருக்கிறார்கள். ஆலைகள் வந்தன, வயல்கள் போயின. வயலோடு நடவுப் பாட்டும் போய்க்கொண்டிருக்கிறது. கையிலே செல்போன் இருக்கிறது. அவர்கள் இசைவோடு பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரை, ஊரை எழுதி வையுங்கள். படிப்பகத்தில் செய்தி ஏடு இருப்பதுபோல் இந்தப் பதிவுகளும் இருக்கட்டும். மூன்று: இளைஞன் ஒருவன் ராப் என்றும் கானா என்றும் பாடி வந்தால், "இதுவா இசை?" என்று நம் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரக்கூடாது. நம் பாட்டன் தமிழில் பாடியபோது கேட்கப்பட்ட கேள்வி அது. அடிபட்டவன் கையிலேயே அந்தத் தடி வந்து சேர்வதைவிட ஆதிக்கக்காரனுக்கு மகிழ்ச்சி வேறில்லை.

பாட்டுக்குக் காவல் வேண்டாம். அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். நூறாண்டு வரலாறு சாட்சி. காவல் வேண்டியது பாடியவன் கூலிக்கு! அந்தக் காவலுக்குத் தொழிலாளியைவிடத் தகுந்தவர் யார்?